வெள்ளம் வருமுன், முகாமில், வீடு திரும்பும்போது: வயதானவர்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கம் இருந்த வீட்டிலிருந்து என் அம்மாவையும் பெரியம்மாவையும் வெளியே கொண்டுவந்து, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் 11 நாள் அவர்களோடு இருந்தேன். அம்மாவுக்கு 78 வயது, பிரஷரும் சீனியும் உண்டு, இன்சுலின் போடுகிறவர். பெரியம்மாவுக்கு 84, முழங்கால் மடங்காது, ஒரு காது கேட்காது. வெளியே கொண்டுவருவதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். அது அரை நாளில் முடிந்துவிட்டது. மிச்ச நாட்களில் பட்ட பாட்டில் பாதி, மழைக்கு முன்பே இரண்டு மூன்று நாள் ஒதுக்கியிருந்தால் பட்டிருக்கவே தேவையில்லாதது. உங்கள் வீட்டிலும் வயது போனவர்கள் இருந்து, இதையெல்லாம் முதல்தரம் செய்யப்போகிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள்.

1. புரட்டாதி முடியுமுன் உட்கார்ந்து பேசுங்கள்

எங்கள் மாவட்டத்தில் பெருமழையும் புயலும் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில்தான். 2020இல் புரெவி கரை கடந்ததும் டிசம்பர் 2 இரவு. அதனால் செப்டம்பர், ஒக்டோபருக்குள் பேச்சை முடித்துவிட வேண்டும்.

பேச வேண்டியது முதலில் அவர்களோடு. பிள்ளைகள் நாங்கள் எங்களுக்குள் பேசி முடிவெடுத்து, அன்றைக்குப் போய் "எழும்புங்கோ, போவம்" என்றால் அவர்கள் எழும்ப மாட்டார்கள். பெரியம்மா ஒன்றரை மணி நேரம் கதிரையை விட்டு அசையவில்லை. எல்லோரும் கத்திப் பார்த்தோம். கடைசியில் என் மகள் பக்கத்தில் போயிருந்து, கேட்கிற காதுக்குள், "அம்மம்மா, என்னத்தை விட்டுப்போகப் பயமா இருக்கு?" என்று கேட்டாள். இரண்டு ஆடு. அப்புறம் பெரியப்பாவின் படம். ஆட்டை மேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு போனார், படத்தைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்தோம், அவரே பொல்லை எடுத்துக்கொண்டு எழும்பினார். இந்தக் கேள்வியை மழைக்கு முன்பே கேளுங்கள், பதிலை எழுதி வையுங்கள். ஆடு, மாடு, ட்ரங்குப் பெட்டி, தாலிக்கொடி, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த காசு என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

அதோடு மூன்று விஷயம் முடிவாக வேண்டும்: எங்கே போவது, யார் வந்து தூக்குவது, எந்தக் கட்டத்தில் கிளம்புவது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை தூக்க வரமுடியாது. ஆகவே பக்கத்திலேயே திடகாத்திரமான இரண்டு பேரிடம் பெயர் சொல்லிக் கேட்டு வைத்திருங்கள். எங்கள் பகுதியில் கிளம்பும் நேரத்தைப் பற்றி ஒரு பெரிய பொறி உண்டு. மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற ஆறு. மலைநாட்டில் கொட்டிய மழை நமக்கு வந்து சேர நேரம் எடுக்கும். டித்வாவின்போதும் காற்று ஓய்ந்து, "இனிப் பயமில்லை" என்று ஆட்கள் பாயை விரித்த பிறகுதான் தண்ணீர் ஏறியது, மாவிலாறு அணைக்கட்டும் உடைந்தது. வானம் வெளித்துவிட்டதே என்று பார்க்காதீர்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வெள்ள எச்சரிக்கையைக் கேளுங்கள், இல்லாவிட்டால் 117க்கு எடுத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேளுங்கள். நடக்கக் கூடியவர்கள் கடைசி நேரத்தில் ஓடலாம், வயதானவர்கள் இருக்கும் வீடு முதல் எச்சரிக்கையிலேயே, பகல் வெளிச்சத்தில் கிளம்ப வேண்டும்.

2. ஒரு உறை, அதற்குள் எல்லாப் பத்திரமும்

தண்ணீர் போகாத, சிப் வைத்த உறை ஒன்று வாங்குங்கள். நான் பிறகு வாங்கியது 350 ரூபா. அதற்குள் போக வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம், அஸ்வெசும அல்லது வேறு கொடுப்பனவு எடுப்பவர் என்றால் அந்தக் கடிதம், பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், கணவர் இறந்திருந்தால் அவருடைய மரணச் சான்றிதழ், காணி உறுதி. ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோ கொப்பி. அசலை ஒரு இடத்தில், கொப்பியை இன்னொரு இடத்தில் வையுங்கள், ஒரு செட்டை மேட்டுநிலத்தில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் கொடுத்து வைத்தால் நல்லது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி விடுங்கள். கொப்பி எடுத்த செலவு எனக்கு 500 ரூபாவுக்குள் முடிந்தது.

முதியோர் அடையாள அட்டை 60 வயது தாண்டியவர்களுக்கு. கிராம உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பித்துப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், அங்கே முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு அட்டை தொலைந்தாலும் இன்னொன்றில் பெயரும் வயதும் இருக்கும்.

இந்த உறைக்குள் மிகவும் பெறுமதியானது எது என்று கேட்டால் நான் கிளினிக் கொப்பி என்பேன். அம்மாவின் கொப்பி அவருடைய கைப்பைக்குள் இருந்தது, பை நனைந்தது. முகாமுக்கு மருத்துவக் குழு வந்த அன்று நான் அதை விரித்தேன். ஒன்றோடொன்று ஒட்டியிருந்த தாள்களில் நீல மை பரவி, வைத்தியரின் எழுத்து மேகம் மாதிரி இருந்தது. "இன்சுலின் எத்தனை யூனிட்?" என்று கேட்டார்கள். அம்மாவுக்கு ஊசியில் எந்தக் கோடுவரை இழுப்பது என்று தெரியும், எண் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியாது. ஆகவே ஒரு சின்ன மட்டையில் இதையெல்லாம் எழுதி லெமினேட் பண்ணுங்கள்: பெயர், வயது, இரத்த வகை, வருத்தங்கள், ஒவ்வொரு மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், இன்சுலின் என்றால் எத்தனை யூனிட், காலையா இரவா, ஒத்துக்கொள்ளாத மருந்து, கிளினிக் நம்பர், இரண்டு பிள்ளைகளின் போன் நம்பர். லெமினேட் பண்ண எனக்கு 100 ரூபா ஆனது. நூல் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டால் பிரிந்து போனாலும் ஆள் யாரென்று தெரியும். காது கேளாதவர், ஞாபகம் குறைந்தவர் என்றால் இது கட்டாயம்.

3. மருந்து: எப்போதும் இரண்டு கிழமைக்கு மிச்சம்

கிளினிக்கில் மாத மருந்து தருவார்கள். முடிகிற நாளும் அடுத்த கிளினிக் நாளும் ஒன்றாக வரும், அந்த நாளில்தான் வீதியில் தண்ணீர் நிற்கும். ஒக்டோபர் கிளினிக்கிலேயே "மழை காலம், எங்கள் பகுதி வெட்டுப்படும், கொஞ்சம் கூடத் தர முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் கொப்பியைக் காட்டி, பார்மசியில் 14 நாளுக்குரியதைக் காசுக்கு வாங்கிப் பைக்குள் போடுங்கள். பிரஷர் குளிசை, சீனிக் குளிசை விலை பெரிதாக இல்லை, இன்சுலின்தான் கூட. வாங்கியதை அப்படியே ஒரு வருடம் வைத்திருக்காமல், புதிதாக எடுத்ததைப் பைக்குள் வைத்துப் பழையதை முதலில் பாவியுங்கள். குளிசைகளைக் கவரிலிருந்து உருவி ஒரே போத்தலில் கொட்டாதீர்கள். எந்த வெள்ளைக் குளிசை எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இன்சுலின் உறைய விடக்கூடாது, வெயிலில் வைக்கவும் கூடாது. திறந்து பாவிக்கிற குப்பி குளிர்சாதனப் பெட்டி இல்லாமலும் ஏறத்தாழ 4 கிழமை தாங்கும், சூடு 30 பாகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கரண்ட் போய்விட்டால் பெரிய மண்சட்டிக்குள் ஈர மணல் போட்டு, அதன் நடுவே சின்னச் சட்டி வைத்து, அதற்குள் குப்பியை வைத்து ஈரத் துணியால் மூடிவிடுங்கள். முகாமில் அம்மாவுக்கு இதைத்தான் செய்தேன். ஊசி, பஞ்சு, சீனி பார்க்கிற மெஷினின் ஸ்ட்ரிப் ஆகியவற்றையும் மறக்க வேண்டாம்.

4. பெயரைத் தனியாகப் பதியுங்கள்

மழைக்கு முன்பே ஜி.எஸ்.ஸிடம் (கிராம உத்தியோகத்தரிடம்) போய், இந்த வீட்டில் நடக்க முடியாத ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி எழுத வையுங்கள். ஊரில் முதியோர் சங்கம் இருந்தால் அதன் தலைவருக்கும் சொல்லுங்கள். படகு வந்தால் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று அவர்களிடம் இருக்கும் பட்டியல்தான் சொல்லும்.

எனக்கு நேர்ந்த தவறு இது. பெரியம்மா தனி வீட்டில், தனி அடுப்பில் இருப்பவர். முகாமில் அவசரத்தில் நான் எல்லோரையும் என் பெயருக்குக் கீழே ஒரே குடும்பமாகப் பதிந்துவிட்டேன். அன்றைக்குச் சோற்றுப் பார்சலில் வித்தியாசம் தெரியவில்லை. உலர் உணவு வந்தபோது ஒரு குடும்பத்துக்குரிய பொதிதான் கிடைத்தது, பிறகு வீட்டுச் சேதம் பதிய வந்தவர்களின் தாளில் அவருடைய வீடே இல்லை. அதைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கு நான்கு தரம் போனேன், ஓட்டோவுக்கு மட்டும் 6,000 ரூபா கிட்டப் போனது. தனி வீடு என்றால் தனிக் குடும்பமாக, அவருடைய பெயரில், அவருடைய அடையாள அட்டை இலக்கத்தோடு பதியுங்கள். பதிந்தவரிடம் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோபிப்பார்கள், பரவாயில்லை.

5. கிளம்புகிற நாள்

சாரமோ பருத்திச் சேலையோ நனைந்து உடம்போடு ஒட்டினால் வயதானவர்கள் சீக்கிரம் விறைத்துப் போவார்கள். காற்றிலும் மழையிலும் அரை மணி நேரமே போதும். மேலே மழைக்கோட்டு இல்லாவிட்டால் பெரிய பொலித்தீனில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டிப் போட்டுவிடுங்கள், மாற்றுடுப்பும் ஒரு போர்வையும் இன்னொரு பொலித்தீனில் கட்டி வாருங்கள்.

நடக்க முடியாதவரை முதுகில் சுமக்காதீர்கள். கைபிடி உள்ள மரக்கதிரையில் இருத்தி, நெஞ்சுக்குக் கீழே சேலையால் சுற்றிக் கட்டி, ஒருவர் பின்னாலும் ஒருவர் முன்னாலும் பிடித்துத் தூக்குங்கள். பிளாஸ்டிக் கதிரையின் கால் தண்ணீருக்குள் மடங்கும், எங்களுக்கு மடங்கியது. வாசலைத் தாண்டும் முன் இந்த ஐந்தையும் கையால் தொட்டுப் பாருங்கள்: மூக்குக் கண்ணாடி, பொய்ப்பல், காதுக் கருவி, பொல்லு, செருப்பு. பொய்ப்பல் இல்லாமல் வந்த ஒரு ஐயா பக்கத்து வகுப்பறையில் பார்சல் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார், யாரோ கரைத்துக் கஞ்சியாக்கிக் கொடுக்கும் வரைக்கும்.

மூச்சு முட்டுகிறது, நெஞ்சு நோகிறது, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது என்றால் முகாமுக்குப் போகாமல் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸுக்குக் காசில்லை. வாகனம் வந்து சேரக்கூடிய மேட்டு இடம் எது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

6. முகாமில் இடம் பிடிப்பது

போனவுடன் முதல் ஒரு மணி நேரத்தில் எந்த இடம் கிடைக்கிறதோ அதுதான் கடைசி வரைக்கும். மாடி வேண்டாம். கீழ்த்தளம், சுவரோரம், மலசலகூடத்துக்குப் படி இல்லாமல் போகக்கூடிய பக்கம். நாற்றம் வரும், ஆனாலும் அந்தப் பக்கம்தான். எழும்பும்போது பிடிக்கச் சுவரோ ஜன்னல் கம்பியோ வேண்டும். தரையிலிருந்து எழும்ப முடியாதவர்களுக்கு வகுப்பறை வாங்குகள் இரண்டைச் சேர்த்துக் கட்டி மேலே பாய் போடுங்கள். பொறுப்பாக இருப்பவரிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள், "இவருக்கு 84 வயது, நடக்க ஏலாது" என்று. கேட்காத இடத்தில் யாரும் கொடுப்பதில்லை. கேட்கிற இடத்தில், என் அனுபவத்தில், பெரும்பாலும் இடம் விட்டார்கள்.

7. தண்ணீர் குடிக்கிறார்களா என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

மூன்றாம் நாள் அம்மாவின் நாக்கு காய்ந்து, பேச்சுக் குழறியது. அவருக்குப் பக்கத்திலேயே தண்ணீர்ப் போத்தல் இருந்தது, நான் நிரப்பிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் ஒளித்திருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, போத்தலை எடுத்து உதட்டை நனைக்கிறார், மூடி வைக்கிறார். இரவில் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் தண்ணீர் கேட்டால் அதிலிருந்து ஊற்றிக் கொடுக்கிறார். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டதற்கு முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ராவில அத்தனை ஆம்பிளையளைத் தாண்டி நான் எப்பிடிப் போறது?" என்றார். மூன்று நாளாக அதற்காகவே குடிக்காமல் இருந்திருக்கிறார். பெரியம்மாவும் அப்படியே. பிறகு விசாரித்தபோது எங்கள் வகுப்பறையில் இருந்த வயதான பெண்கள் எல்லோருமே அப்படித்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு பிளாஸ்டிக் கதிரையின் இருக்கையில் வட்டமாக ஓட்டை வெட்டுங்கள், விளிம்பில் பழைய துணி சுற்றித் தையுங்கள், கீழே மூடியுள்ள வாளி வையுங்கள். சுவர் மூலையில் இரண்டு சேலையைக் கயிற்றில் தொங்கவிட்டு மறைப்புக் கட்டுங்கள். கதிரை 2,000, வாளி 700, எனக்கு மொத்தம் 3,000 ரூபாவுக்குள். அன்றிரவு அம்மா முழுப் போத்தல் தண்ணீர் குடித்தார். அடுத்த நாள் பக்கத்து ஆட்களும் கேட்டு, ஐந்து பேர் பாவித்தார்கள். வாளியை இரவிலேயே கழுவ ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும், முறை வைத்துச் செய்தோம். எழும்பவே முடியாதவர்களுக்குப் பெரியவர்களின் பம்பர்ஸ் வாங்குங்கள், 10 உள்ள பை நான் வாங்கியபோது 2,000 ரூபா தாண்டியது. ஒரு பைக்கு மேல் கடையில் இருக்காது, முன்கூட்டியே வாங்குங்கள்.

ஆள் காய்ந்து போயிருந்தால் ஜீவனி (உடம்பில் குறைந்த நீரை ஈடுசெய்யும் தூள்) கரைத்து மெதுமெதுவாகக் கொடுங்கள். இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் இருப்பவர்களுக்கு எவ்வளவு என்று மருத்துவக் குழுவிடம் கேட்டுக் கொடுங்கள்.

8. சாப்பாடு பிந்தினால் ஊசியும் பிந்தட்டும்

வீட்டில் ஏழு மணிக்கு ஊசி, ஏழரைக்குச் சாப்பாடு. முகாமில் காலைச் சாப்பாடு எட்டரைக்கும் வரும், பத்துக்கும் வரும். பழக்கத்தில் ஏழுக்கே ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் சீனி விழுந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், பார்வை மங்கல், சம்பந்தமில்லாத பேச்சு. அப்படியானால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள், நினைவில்லாதவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990க்கு எடுங்கள். சாப்பாடு கண்ணில் பட்ட பிறகு ஊசி. கையில் எப்போதும் கொஞ்சம் சீனியும் ஒரு பக்கட் பிஸ்கட்டும்.

9. "வயது போனால் அப்படித்தான்" என்று விடாதீர்கள்

நேற்று வரை ஒழுங்காகப் பேசியவர் இன்று நாள் கிழமை தெரியாமல் குழம்பினால், பகலில் தூங்கி இரவில் எழும்பி வீட்டுக்குப் போகப் புறப்பட்டால், அது வயதால் வந்ததில்லை. தண்ணீர் குறைவு, சலத்தில் கிருமி, நெஞ்சுச் சளி, சீனி ஏற்ற இறக்கம், ஏதோ ஒன்று இருக்கும். அன்றைக்கே வைத்தியருக்குக் காட்டுங்கள்.

சீனிக்காரரின் காலை ஒவ்வொரு இரவும் டோர்ச் அடித்துப் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. உணர்ச்சி இல்லாத காலில் முள் குத்தியது அவருக்கே தெரியாது. வெள்ளத்தில் நடந்த எவருக்கும் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தண்ணீரில் இறங்கியதைச் சொல்லுங்கள். தடுப்புக் குளிசை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வையுங்கள், முள்ளந்தண்டின் அடியும் குதிக்காலும் சிவந்திருக்கிறதா பாருங்கள்.

10. வீடு திரும்பும்போது

கழுவத் தொடங்கும் முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, கட்டில், அலுமாரி, அரிசி மூட்டை, எல்லாம். துப்புரவான வீட்டைப் பார்த்து யாரும் சேதம் எழுதமாட்டார்கள். டித்வாவுக்குப் பிறகு வீடு துப்புரவாக்க 25,000 ரூபா என்று அரசு அறிவித்தபோது, வங்கிக் கணக்கு இல்லாத முதியவர்கள்தான் அதிகம் அலைந்தார்கள். அவருடைய பெயரில் ஒரு கணக்கு இருக்கட்டும், நீண்ட நாள் பாவிக்காமல் செயலிழந்து கிடக்கிறதா என்று வங்கியில் கேட்டு வையுங்கள்.

அடையாள அட்டை தொலைந்திருந்தால் வரிசை இதுதான்: முதலில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பிறகு ஜி.எஸ். உறுதிப்படுத்திய விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ், பிறகு பிரதேச செயலகம். படம் ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில் எடுத்ததாக இருக்க வேண்டும். வேறு எங்காவது எடுத்துப் போனால் திருப்பி அனுப்புவார்கள், வயதானவரை இரண்டாம் தரம் இழுத்துக்கொண்டு போக வேண்டும். போகிற அன்றே முதியோர் அட்டைக்கும் விண்ணப்பித்து விடுங்கள்.

கிணற்றை இறைத்துக் குளோரின் போடும் வரைக்கும் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள், முகம் கழுவவும் வேண்டாம். சேறு காயாத தரையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தால் அது வெள்ளத்தை விடப் பெரிய வேலை. வீட்டைக் கழுவி, மின்சாரத்தைச் சோதித்து, கட்டிலைக் காய வைத்த பிறகே அவர்களைக் கூட்டி வாருங்கள். நாங்கள் அம்மாவை நான்கு நாள் உப்புவெளியில் தங்கை வீட்டில் வைத்திருந்துவிட்டுத்தான் கூட்டிவந்தோம்.

தவறவிட்ட கிளினிக் நாளுக்காக அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். கொப்பி நனைந்திருந்தாலும் அதையே எடுத்துக்கொண்டு போங்கள். மங்கிப் போன கிளினிக் நம்பர் தெரிந்தால், புதுக் கொப்பி போட அதுவும் உதவும். எங்களுக்கு முன் அட்டையின் மூலையில் கடைசி மூன்று இலக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதை வைத்துத்தான் பழைய பதிவைத் தேடி எடுத்தார்கள்.